ஐசியு வாசலில் அப்பாவுக்காகப் பேசப்போவது யார்?

10.01.2025 – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, இரண்டு ஸ்டென்ட், இப்போது சிறுநீரகமும் லேசாகக் கெட்டிருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ள நினைக்கிறேன். பேச்சை எடுத்தாலே அம்மா அழுகிறார். சொத்துக்காகக் கேட்கிறேன் என்று அண்ணி நினைத்துவிடுவாரோ என்றும் பயம். பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்கள். அப்போது கேட்கலாமா? எப்படிக் கேட்பது?

11.01.2025, இரவு

பொங்கலன்று கேட்காதீர்கள். அதற்காகக் கேட்காமலே இருந்துவிடவும் வேண்டாம்.

2019 ஆடியில் என் அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் நாளே வென்டிலேட்டர். பார்வை நேரம் மாலை 5 முதல் 5.30 வரை, அதுவும் ஒருவர்தான் உள்ளே போகலாம். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று, அசைகிற அந்த ஒரு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். அம்மா காபியை நாக்கு பொத்துப்போகிற சூட்டில்தான் குடிப்பார். அந்த உதடு வெடித்து வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நர்ஸிடம் பஞ்சு வாங்கி நனைத்துத் துடைப்பேன். கிடைத்த அரை மணி நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள், கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்ற வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் போனில், "என்னென்ன உண்டோ எல்லாத்தையும் பண்ணச் சொல்லு, காசைப் பத்திப் பேசாதே" என்றான். அத்தை, "மகராசி, எந்திரிச்சு வந்துருவா" என்றார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவால பேச முடிஞ்சா என்ன சொல்லியிருப்பா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். பதினேழாம் நாள் அம்மா அங்கேயே போய்விட்டார். உயிர் இருக்கும்போது வீட்டில் வைத்து ஒரு வாய் பால் ஊற்ற முடியவில்லை.

சாதாரண நாள்களில் அம்மாவுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. புளிக்குழம்புக்கு எந்தக் கத்தரிக்காய் என்பதில்கூட. இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஐம்பது வருடத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

12.01.2025

எப்படிக் கேட்பது என்பதற்கு நேற்று பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

நான் முதலில் செய்தது தப்பு, அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போய் மூன்று வருடம் கழித்து அப்பாவிடம், "எனக்கு ஏதாவது ஆயிட்டா டாக்டர்கிட்ட நீங்க என்னப்பா சொல்வீங்க?" என்று ஆரம்பித்தேன். என்னை வைத்துத் தொடங்கினால் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. பெற்ற மகள் படுக்கையில் கிடப்பதை எந்த அப்பா நினைத்துப் பார்ப்பார்? தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோழிகளிடம் இந்த வழி சரி. பெற்றவர்களிடம் வேண்டாம்.

பேச்சு தானாக வந்தது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். கூட வேலை பார்த்த ஒருவரின் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தோம். குளித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், "அவனை ரெண்டு மாசம் ட்யூப்லயே வெச்சிருந்தாங்களாம்மா" என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உங்களுக்குன்னா எப்படிப்பா வேணும்?"

"ஒர்க்ஷாப்புக்கு வர்ற வண்டியில எது ரிப்பேர் ஆகும், எது இனி ஓடாத கண்டம்னு பிட்டருக்குத் தெரியும். கண்டம் பண்ணின வண்டிக்குப் போய் எவனாவது பெயின்ட் அடிப்பானா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இரவு பதினொரு மணி வரை பேசினோம்.

துக்க வீட்டிலிருந்து வந்த அன்று நம் ஆட்கள் சாவைப் பற்றிப் பேசுவார்கள். மறுநாள் பேச மாட்டார்கள். அந்த ஒரு சாயங்காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

16.01.2025

"நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். என் அத்தையும் இதைத்தான் சொன்னார், "வாயில வசம்பை வெச்சுத் தேய்க்கணும்" என்பதையும் சேர்த்து. அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்திரிகைகளில் இதைக் "கருணைக்கொலை" என்று போட்டுவிடுகிறார்கள். கொலை என்ற சொல்லைக் கேட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஊசி போட்டு உயிரை எடுப்பது நம் நாட்டில் இன்றும் குற்றம்தான். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. குணமாக வழியே இல்லாத நிலையில் மூச்சை இழுத்துப் பிடித்து வைக்கிற இயந்திரங்கள் வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும்தான். வலிக்கு மருந்து, சுத்தம், பக்கத்தில் ஆள், இவற்றை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கும்பகோணத்து சகோதரிக்கு: அண்ணி என்ன நினைப்பாரோ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்காதீர்கள், அவரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்க வேண்டும். முடிந்தால் அவரையே கேட்கச் சொல்லுங்கள். மருமகளிடம் மாமனார் மகளிடம் சொல்லாததைக்கூடச் சொல்வார். வீடு, நிலம் பற்றிய பேச்சு அன்றைக்கு ஒரு சொல்கூட வரக் கூடாது.

அப்பா சொன்னதை எழுதி, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேள்விப்பட்டதால்தான் நாங்கள் இன்னும் எழுத்து வேலையில் இறங்கவில்லை. கோர்ட் என்றாலே அப்பாவுக்கு ஆகாது.

03.02.2025

மேலே மாஜிஸ்திரேட் என்று எழுதியது தவறு. தெரிந்த வக்கீல் ஒருவர் திருத்தினார்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும், சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று சொன்னது. அப்போதுதான் மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்தது. ரொம்பச் சிரமம் என்பதால் 2023 ஜனவரி 24 அன்று விதியைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். எழுதுபவர் 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்று பெயர் குறிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயரும் போடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

அந்தத் தாளைக் காட்டியதும் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனையில் சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் 5 வருட அனுபவம் உள்ள இன்னும் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் இரண்டாவது குழு ஒன்று பார்க்கும். அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்பும் டாக்டர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். மாஜிஸ்திரேட் வருவது இந்த இடத்தில்தான்.

நான்கு நாள் முன்பு, ஜனவரி 30 அன்று, கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பெங்களூரில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

04.02.2025

இன்னொன்று. நினைவோடு இருக்கிற, தானே பேச முடிகிற நோயாளி "இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்றால் அதுவே போதும். எழுதி வைத்த தாளுக்கு வேலை வருவது அவரால் சொல்ல முடியாமல் போகும்போதுதான். இந்த வித்தியாசம் எனக்கே நேற்றுவரை தெளிவாகப் புரிந்திருக்கவில்லை.

19.02.2025

எழுதிவிட்டோம்.

அப்பா தன் கையாலேயே எழுதினார். டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. "என் கையெழுத்தைப் பார்த்தாத்தான் உங்க அண்ணன் நம்புவான்." அது உண்மைதான். சாட்சி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரும் அப்பாவின் நடைப்பயிற்சி நண்பரும். சொந்தத்தில் யாரும் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம்.

நோட்டரி வக்கீல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உயிலா சார்?" என்றார். "உயில் நான் செத்ததுக்கு அப்புறம். இது அதுக்கு முன்னாடி" என்றார் அப்பா. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுதும் வாசித்தார். முத்திரை குத்தியதும், "எனக்கும் ஒரு நகல் கொடுங்க சார், எங்கப்பாகிட்ட காட்டணும்" என்றார்.

ஒரு பிரதியை உள்ளாட்சியில் இதற்கான பொறுப்பாளரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. நாங்கள் போன அலுவலகத்தில் மூன்று மேசை சுற்றினோம். அப்படி ஒருவர் இருப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். எழுபத்தெட்டு வயது மனிதர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் அந்த முத்திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

02.03.2025

இந்தச் சட்டமெல்லாம் எங்கே தொடங்கியது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அருணா ஷான்பாக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ். 1973 நவம்பரில் வேலை செய்த இடத்திலேயே தாக்கப்பட்டு, மூளை பாதித்து, அதே மருத்துவமனையின் படுக்கையில் ஏறத்தாழ 42 வருடம் கிடந்தார். 2015 மே மாதம்தான் இறந்தார். அவருக்கு உணவு தருவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அந்த மருத்துவமனை நர்ஸுகள் எதிர்த்தார்கள். அவ்வளவு வருடமும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள். 2011 மார்ச்சில் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை பிங்கி விரானிக்கு அல்ல, கவனித்துக்கொண்ட ஊழியர்களுக்குத்தான் என்று சொல்லி மனுவை ஏற்கவில்லை. ஆனால் எந்தச் சூழலில் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியை அந்தத் தீர்ப்புதான் முதலில் திறந்தது.

யார் சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டு பக்கமும் அன்பு இருந்தது. அருணாவின் குரல்தான் இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண், அதற்கு முன் யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கப் போகிறார்!

22.03.2025

அப்பா விஷயத்திலேயே நின்றுவிட்டேன். தோழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்திலிருந்து நாங்கள் நான்கு பேர். ஒருத்தி திருமணம் செய்துகொள்ளவில்லை, பெற்றோரும் இல்லை. அப்பாவின் தாளைக் காட்டியபோது அவள், "உங்களுக்கெல்லாம் சண்டை போடவாவது ஆள் இருக்கு. எனக்கு யாருடி கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாரமே நாலு பேரும் என் வீட்டில் உட்கார்ந்தோம். இட்லி, வடகறி. சாப்பிட்டு முடித்து ஒவ்வொருத்தியாகச் சொன்னோம்.

இத்தனை வருடம் பழகியும் தெரியாத விஷயங்கள் வந்தன. ஒருத்தி எல்லாச் சிகிச்சையும் வேண்டும், கடைசி நிமிடம் வரை போராட வேண்டும் என்றாள். பேரன் பத்தாவது முடிப்பதைப் பார்க்க வேண்டுமாம். அதுவும் ஒரு விருப்பம்தான். "வேண்டாம்" என்று சொல்பவர்கள்தான் பக்குவப்பட்டவர்கள் என்பதுபோல நான் இங்கே எழுதிவந்திருந்தால் தயவுசெய்து அதை மாற்றிப் படியுங்கள்.

தனியாக இருப்பவள் என் பெயரைப் பாதுகாவலராக எழுதினாள். வாங்கிக்கொண்டபோது கை நடுங்கியது. அவளுடைய சித்தி மகனிடமும் அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். நாளைக்கு அவர் வந்து "நீ யார்?" என்று என்னைக் கேட்கக் கூடாது அல்லவா?

27.03.2025

தம்பிக்கு மனநோய், நன்றாக இருக்கும்போது அவனிடம் இதைக் கேட்கலாமா என்று ஒருவர். கண்டிப்பாகக் கேளுங்கள். அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்து நியமிக்கலாம். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு இதில் சொந்த அனுபவம் இல்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

08.06.2025

நான் எனக்காக எழுதி வைத்த தாளில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை இன்று கண்டுபிடித்தேன். அப்பாவுடையதைப் பார்த்து நானும் "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். கூடவே உறுப்பு தானமும் எழுதியிருந்தேன். மூளைச்சாவு ஏற்பட்டால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் எடுக்கும்வரை உடலை வென்டிலேட்டரில்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். "உறுப்பு தானத்துக்காக மட்டும் வைத்திருக்கலாம்" என்று மாற்றி எழுதப்போகிறேன்.

2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சே வந்தது. என் அம்மாவும் டிவியில் அதைப் பார்த்து அழுதார். அன்றைக்காவது கேட்டிருக்கலாம். "நமக்குன்னா என்னம்மா?" என்று ஒரு வார்த்தை.

அப்பாவுக்குக் கண் தானம் மட்டும். அதற்கு வயது தடையில்லை, வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண் வங்கியின் எண்ணை அப்பா காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி மாட்டியிருக்கிறார்.

24.08.2025, விடியற்காலை

அப்பாவைச் சேர்த்திருக்கிறோம். நாற்பது வருடம் சிகரெட் பிடித்த நுரையீரல். நேற்று மதியத்திலிருந்து மூச்சு திணறல், உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தாள் என் கைப்பையில் இருக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

26.08.2025

கேட்டவர்களுக்கு நன்றி. இப்போது பரவாயில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர், மாஸ்க் வைத்து அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் பைபேப் போட வேண்டும், சரிவராவிட்டால் தொண்டையில் குழாய் என்றார். நான் தாளை எடுத்தேன். அதில் அப்பா எழுதியிருந்தது: "மூச்சுக்கு மெஷின் வேண்டாம்." பைபேப்பும் மெஷின்தான். என் தலை சுற்றியது. ஏழு மாதமாக இங்கே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த நிமிடத்தில் தன் அப்பா எழுதிய மூன்று வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை.

நல்லவேளை, அப்பாவுக்கு நினைவு இருந்தது. குனிந்து, "அப்பா, இது மாஸ்க்தான், உள்ள போற குழாய் இல்ல. ரெண்டு மூணு நாள்ல எடுத்துருவாங்களாம். வைக்கட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். 2019இல் "எல்லாத்தையும் பண்ணுங்க" என்றவன். டாக்டர் போனை வாங்கினார். அண்ணன் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "சார், மாஸ்க் போடுங்க. அப்பா ஒத்துக்கிட்டார். அதுக்கு மேல தொண்டையில குழாய் வேண்டாம்னு எங்கிட்டயே சொல்லியிருக்கார். மூச்சுத் திணறாம மருந்து கொடுங்க, வீட்டுக்கு அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க."

எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சித்திரையில் அண்ணன் லீவில் வந்தபோது, இரண்டு பேரும் பொன்மலை சந்தைக்குப் போய்விட்டு வந்தார்கள். அப்போதாக இருக்கும்.

31.08.2025

மூன்று நாள் மாஸ்க், அப்புறம் வார்டு. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

படுக்கையில் உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டு அப்பா மாற்றினார்: "மாஸ்க் சரி. குழாய் வேண்டாம். நெஞ்சை அமுக்க வேண்டாம்." இந்த வயதில் நெஞ்சை அமுக்கும்போது விலா எலும்பு முறிவதுண்டு என்று டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கியிருந்தார். அதற்குக் கீழே எந்தச் சட்டமும் கேட்காத இரண்டு வரி: "முடிந்தவரை வீட்டில். முன் அறையில், ஜன்னல் பக்கம்." மறுபடி சாட்சி, மறுபடி நோட்டரி. இந்த முறை அவர் வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுத்தார்.

ஒரு முறை கேட்டால் போதும் என்பதுபோலத்தான் ஜனவரியில் எழுதியிருந்தேன். போதாது. திண்ணென்று உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்பது வேறு, மூச்சு முட்டும்போது வேண்டும் என்பது வேறு. எந்த இயந்திரம், எத்தனை நாள், எதற்காக என்று பிரித்துப் பேசியிருக்க வேண்டும். நுரையீரல் டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போய் அவரையே விளக்கச் சொல்லி, அப்புறம் எழுதியிருக்க வேண்டும். நான் நேரே நோட்டரியிடம் ஓடினேன்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்பு நர்ஸ், அதாவது வலியையும் அவதியையும் குறைக்கப் பார்க்கிறவர், வீட்டுக்கு வந்து பார்த்துப் போகிறார். இதைக் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

09.11.2025

கும்பகோணத்து சகோதரி நேற்று எழுதியிருந்தார். தீபாவளி முடிந்து ஒரு சாவுக்குப் போய்வந்த அன்று அவருடைய அப்பாவே ஆரம்பித்தாராம். டயாலிசிஸ் பற்றிக் கேட்டது அண்ணிதானாம். "வாரம் மூணு நாள் போகணும்னா போறேன், படுத்த படுக்கையாயிட்டா நிறுத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அழுதாராம். அழுதுகொண்டே, "எனக்கும் அதேதான்" என்றாராம்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். அப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியாமல், தலையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் அண்ணன் கேட்டான்: "அம்மாவுக்கு அன்னிக்குக் கழுத்துல துளை போடச் சொன்னது தப்பாடி?"

ஆறு வருடமாக அவனும் அதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியலண்ணே என்றேன். அம்மாவின் உதட்டைப் பற்றி அன்றுதான் அவனிடம் முதல்முறையாகச் சொன்னேன்.